காலி டப்பாவில் வந்த குரல்கள்

"அன்புள்ள தங்கராசு அவர்களுக்கு, உங்கள் கணினிக்கான பாதுகாப்பு இன்றுடன் முடிவடைகிறது. உங்கள் அரிய நினைவுகளை இழந்துவிடாதீர்கள். உடனே புதுப்பித்துக்கொள்ளுங்கள்."

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காலையில் என் கைபேசிக்கு வந்த மின்னஞ்சல் இது. மூலம் ஆங்கிலம், தமிழாக்கம் என்னுடையது. ஒவ்வோர் ஆண்டும் இதே நாளில்தான் வருகிறது. அதற்கான காரணமும் எனக்குத் தெரியும். வைரஸ் தடுப்பு மென்பொருளின் குறுந்தட்டை மாமா வாங்கிவந்தது ஓர் ஆடிப்பெருக்கு அன்று. நோன்பு நாளில் கணினியை நோண்ட வேண்டாமென்று அக்கா சொன்னதால் மறுநாள் ஏற்றினோம். பதிவு செய்வதற்காக மாமா பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரியை உண்டாக்கிக் கொடுத்தேன். அதை அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. இப்போது அது என் கைபேசியில் இருக்கிறது.

தங்கராசு மாமா என் அக்கா கோகிலாவின் கணவர். அவர் இறந்து ஆண்டுகள் பல ஆகின்றன. அந்தக் கணினியும் இன்று இல்லை. மின்னஞ்சல் அனுப்பும் நிறுவனத்துக்கு இரண்டும் தெரியாது. 'இனி அனுப்ப வேண்டாம்' என்பதற்கான பொத்தான் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. நான் அதை அழுத்துவதில்லை.

இந்த ஆண்டு அதைப் படித்தபோது, மில்லில் அரைத்துவந்த மிளகாய்ப்பொடியை டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தேன். எருமப்பட்டியில் எங்கள் வீட்டுச் சமையலறைக்கு ஒரே ஒரு ஜன்னல். நெடி ஏறித் தும்மல் பிடித்துக்கொண்டது. கண்ணில் நீர் வந்ததற்கு மிளகாய்தான் காரணம் என்று என் கணவரிடம் சொன்னேன். பாதி உண்மைதான்.

மிளகாய்ப்பொடிக்கும் கணினிக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

வெண்ணந்தூரில் அக்கா வீட்டில்தான் என் கல்யாணத்துக்கு முந்தைய ஆண்டுகளைக் கழித்தேன். பி.காம். முடித்துவிட்டு, ராசிபுரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குகளைக் கணினியில் ஏற்றும் வேலை. அக்காவுக்குக் குழந்தை இல்லை. மாமா போர் வண்டியில் டிரில்லர். போர் வண்டி என்றால் எங்கள் பக்கத்தில் விளக்க வேண்டியதில்லை; வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி. திருச்செங்கோட்டிலிருந்து புறப்பட்டுச் சத்தீஸ்கர், ஒடிசா என்று போய்விடும். போனால் திரும்பிவர மாதங்கள் ஆகும். வண்டியோடு மேனேஜர், டிரில்லர், டிரைவர்கள், கூட மாட வேலைக்கு ஆட்கள், அப்புறம் ஒரு சமையல்காரர். வேற்று ஊர்ச் சாப்பாடு நம் ஆட்களுக்கு ஆகாது. மாமாவின் வண்டியில் சமையல்காரர் ஆறுமுகம் அண்ணன். அவர் மனைவி பழனியம்மாளுக்கு எங்கள் பக்கத்து வீடு.

வண்டிக்கு வேண்டிய இரும்புக் குழாய்களையும் உதிரி சாமான்களையும் ஏற்றிக்கொண்டு அவ்வப்போது ஒரு லாரி வடக்கே போகும். அந்த லாரியில் வீட்டுக்காரம்மாக்கள் கொடுத்தனுப்பும் டப்பாக்களும் போகும். மிளகாய்ப்பொடி, மல்லிப்பொடி, கருவாடு, பருப்புப்பொடி. லாரி திரும்பிவரும்போது காலி டப்பாக்கள் வரும். அப்படி வந்த ஒரு மிளகாய்ப்பொடி டப்பாவுக்குள், மாத்திரை போட்டுத்தரும் பிளாஸ்டிக் உறையில் ரப்பர் பேண்டு சுற்றி, முதன்முதலாக ஒரு பென் டிரைவ் வந்தது. மூடியைக் கழற்றியதும் மிளகாய் நெடியும் டீசல் வாடையும் சேர்ந்து அடித்தன. இன்றும் பெட்ரோல் பங்க்கில் நிற்கும்போது எனக்குத் தும்மல் வருகிற மாதிரி இருக்கும். மருத்துவர் இதை நம்பவில்லை.

போனில் பேசிக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். வண்டி நிற்குமிடம் பெரும்பாலும் காட்டுப்பகுதி, சிக்னல் கிடைக்காது. அது ஒரு காரணம். இன்னொன்று, மாமாவுக்குப் போன் பேச வராது. "ம்" என்பார். இன்னொரு "ம்". "செரி, வெச்சர்றேன்." முடிந்தது. எதிர்முனையில் ஒருவர் காதைக் கொடுத்துக் காத்திருக்கிறார் என்பதே அவருக்குப் பதற்றமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதே மனிதர், யாருமில்லாமல் கைபேசியில் பதிவுசெய்யச் சொன்னால் பேசுவார், பேசிக்கொண்டே இருப்பார். பக்கத்து ஊர்க் கணினி மையத்தில் அதைப் பென் டிரைவில் ஏற்றி, பேச்சை எங்களுக்கு அனுப்பிவிடுவார்.

நாளைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று நான் போட்ட நிபந்தனைக்கு அவர் கட்டுப்பட்டார். எனக்கு இந்தத் தேதிக் கிறுக்கு சிறுவயதிலிருந்தே உண்டு. சிலிண்டர் மாற்றிய நாளைச் சிலிண்டர் மீதே எழுதுவேன். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பில்கூட எழுதியிருக்கிறேன். கல்யாணத் தேதியை என் நெற்றியில் எழுதிவிடாதே என்பார் என் கணவர். அதை விடுங்கள்.

மாமாவின் பதிவு இப்படி இருக்கும்: "இன்னிக்கு வெள்ளிக்கெழம. பொழுது உளுந்துருச்சு. மேல ஒரு ஆளு ஒசரத்துக்குச் செம்மண்ணு. அதுக்குக் கீழ சுக்காம்பாறை. அப்பறம் பூராக் கருங்கல்லு. தண்ணி இல்ல கோகிலா. அந்தத் தோட்டத்துக்காரரு மொகத்தப் பாக்க முடியல." பூமியை எந்த வரிசையில் துளைத்தாரோ, அதே வரிசையில்தான் பேச்சும். ஒரு நாளை மேலிருந்து கீழாகச் சொல்லிக்கொண்டே போவார். ஆழத்தில் எங்கோ ஓரிடத்தில், தான் நினைத்ததைச் சொல்வார். 'உன்ற கையால ஒரு வாய் ரசம் குடிச்சாப் போதும்' என்று ஒருமுறை சொன்னார். அக்கா அந்த இடத்தை மறுபடி போடச் சொல்லவில்லை. எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஆறுமுகம் அண்ணனின் பதிவுகள் வேறு தினுசு. என்ன சமைத்தார் என்பதைச் சொல்லி முடித்ததும் அவருக்குப் பேச்சு தீர்ந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் கம்ப்ரசர் இரைச்சல்தான். பழனியம்மாள் அதையும் கடைசிவரை கேட்பார். அவர் வீட்டில் கணினி இல்லை. எங்கள் வீட்டு முன்னறையில் முக்காலி போட்டு உட்காருவார். எதிர்த் தெருவில் தறி ஓடிக்கொண்டிருக்கும். ஸ்பீக்கரைக் கூட்டி வைப்போம். 'உண்டாச்சா?' என்று கணினி கேட்டால், 'ஆச்சுங்க' என்று பழனியம்மாள் பதில் சொல்வார்.

பென் டிரைவுக்கு அவர் வைத்த பெயர் குச்சி. அது எந்தெந்த ஊர்க் கணினியில் எல்லாம் செருகப்பட்டு வருகிறதோ என்ற பயம் எனக்கு இருந்தது. குச்சியைச் செருகியதும் திறக்கக் கூடாது, முதலில் சோதிக்க வேண்டும் என்று எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தேன். சோதனை முடிய நேரமாகும். பழனியம்மாளுக்குப் பொறுமை இருக்காது.

"ஏஞ்சாமி, எங்கூட்டுக்காரரு குச்சிய உன்ற மிசினு மோந்து பாத்துப்போட்டுத்தான் உள்ள உடுமா?"

"ஆமாங்க. வார வழியில எங்கெங்க போயிட்டு வந்துச்சோ."

"நீ குச்சியத்தான சொல்ற?"

அக்கா சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

குச்சி எங்களிடம் தங்காது. அடுத்த லாரியில் பொடி டப்பாக்களோடு அது திரும்பிப்போக வேண்டும், எங்கள் பேச்சைச் சுமந்துகொண்டு. இடம் வேண்டுமே, அதனால் வந்ததை எல்லாம் கணினிக்கு நகர்த்திவிட்டுக் குச்சியைக் காலி செய்வோம். நகல் எடுப்பதில்லை, நகர்த்துவதுதான். மாமாவும் அங்கே அப்படித்தான். குச்சியில் ஏற்றியதும் கைபேசியிலிருந்து அழித்துவிடுவார். எங்களுக்கு அது கடிதம். கடிதம் வந்து சேர்ந்தபின் அனுப்பியவர் கையில் அது இருக்காது, தபால்காரர் பையிலும் இருக்காது. வீட்டில் மட்டும்தான் இருக்கும். அதில் தவறு இருப்பதாக எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. உலகத்தில் வேறு யாரும் கணினிக் கோப்புகளை அப்படி நடத்தியிருப்பார்களா என்று தெரியவில்லை. டப்பா அனுப்பிப் பழகிய வீடுகளில்தான் அது இயல்பாக வந்திருக்கும்.

ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. விரதம் முடித்து இலை எடுத்தபின் குச்சியைச் செருகினோம். சோதித்துப் பார்த்ததில் ஒன்றும் இல்லையென்று வந்தது. காவல்காரனுக்கு எல்லாத் திருடர்களின் முகமும் தெரிந்திருக்குமா என்ன? உள்ளே மாமா பெயரிலும் ஆறுமுகம் அண்ணன் பெயரிலும் கோப்புறைகள் இருந்தன. இரண்டின் மூலையிலும் வழக்கமில்லாத ஒரு சிறிய அம்புக்குறி. திறந்தேன். கறுப்பாக ஒரு சன்னல் தோன்றி மறைந்தது. அவ்வளவுதான், பேச்சு வரவில்லை. அதன்பிறகு கணினி மாட்டு வண்டிபோல் ஊர்ந்தது.

ராசிபுரத்தில் கணினி பழுது பார்க்கும் பாபுவைக் கூப்பிட்டேன். எங்கள் அலுவலகக் கணினிகளையும் அவர்தான் பார்ப்பார். வாயில் எப்போதும் ஏதாவது மென்றுகொண்டே பேசுவார். பதற வேண்டாம் என்றார். அந்த வகை வைரஸ் கோப்புகளை அழிப்பதில்லை, ஒளித்து வைத்துவிட்டு அவற்றின் பெயரில் போலி உறைகளைக் காட்டும். போலியைத் திறந்தால் அது கணினிக்குள் குடிபுகுந்துவிடும். குச்சியைக் காலிசெய்து புதுப்பித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அப்படித்தான் பல பேர் உள்ளதையும் தொலைக்கிறார்கள் என்றார். போனிலேயே ஒரு கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னார். தட்டினேன். மங்கிய நிறத்தில் ஒவ்வொன்றாக எல்லாக் கோப்புகளும் வெளியே வந்தன. கணினிக்குள் புகுந்திருந்ததையும் மறுநாள் அவர் நேரில் வந்து துடைத்தார். தடுப்பு மென்பொருளைப் புதுப்பித்தார். குச்சி செருகியதும் தானாகத் திறந்துகொள்ளும் வசதியை நிறுத்தினார். முக்கியமானதை இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

வைத்தோம். சி என்ற பகுதியில் ஒன்று, டி என்ற பகுதியில் ஒன்று. ஒரே பெட்டிக்குள், ஒரே வன்தட்டில்தான் அந்த இரண்டு இடங்களும் இருந்தன. வீட்டுக்குள் இரண்டு அறைகளில் வைத்ததைப் போல எங்களுக்குத் தோன்றியது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அக்காவுக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. கணினியில் எது காணாமல் போனாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று. தெருவில் யார் செல்போன் கெட்டுப்போனாலும், 'என்ற தங்கச்சி வரட்டும்' என்பாள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

எனக்குக் கல்யாணமாகி எருமப்பட்டிக்கு வந்த மறு ஆண்டு, மாசி மாதத்தில் மாமா இறந்தார். காலையில் வண்டியருகே டீ குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கூடவே வந்த ஆறுமுகம் அண்ணன் அக்கா வீட்டு வாசலில் இறங்கியபோது, கையில் மாமாவின் சட்டையை மடித்து வைத்திருந்தார். யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார்.

காரியமெல்லாம் முடிந்தபின் அக்கா கணினி முன்னால் உட்கார ஆரம்பித்தாள். கோப்புகளுக்கு நான் நாளையும் மாதத்தையும் வைத்துப் பெயர் சூட்டியிருந்தேன். வெள்ளிக்கிழமை என்றால் மாமா வெள்ளிக்கிழமை பேசியது. சித்திரை என்றால் ஏதோவொரு சித்திரையில் பேசியது. அன்றன்றைக்கு உரியதை மட்டும் போட்டுக் கேட்டுவிட்டு அணைத்துவிடுவாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கேட்கமாட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "தீந்துருமல்லோ" என்றாள். கோப்பு தீராது என்று விளக்க நான் வாயெடுத்து, பிறகு விட்டுவிட்டேன்.

மாமாவின் கைபேசி எண் நின்றுபோனது. தடுப்பு மென்பொருள் காலாவதி ஆகிறது என்ற தகவல்கள் அந்த எண்ணுக்கும், அவர் திறந்தே பார்க்காத மின்னஞ்சலுக்கும் போய்க்கொண்டிருந்தன. இறந்தவருக்கு வரும் கடிதங்களை யார் பிரிப்பது? ஆடிப்பெருக்கு வந்து போனது.

அந்தக் கார்த்திகையில் அக்கா காப்பீட்டுப் பணம் தொடர்பான ஏதோ ஒரு தகவலுக்காகக் காத்திருந்தாள். அவளுடைய மின்னஞ்சலுக்கு ஆங்கிலத்தில் ஒன்று வந்தது, உங்கள் விண்ணப்பம் தொடர்பாக என்று. கூட ஓர் இணைப்பு. யாராக இருந்தாலும் திறந்திருப்பார்கள். அக்காவும் திறந்தாள்.

நண்பகல் வாக்கில் எனக்குப் போன் செய்தாள். குரலில் பதற்றமில்லை.

"என்னமோ எழுத்தெல்லாம் மாறிக் கெடக்குது. பேச்சு வர மாட்டேங்குது. நீ வந்தாச் சரியாயிரும். அவசரமில்ல, மெதுவா வா."

இணைய வயரைப் பிடுங்கிவிட்டுக் கணினியை அணைக்கச் சொன்னேன். எருமப்பட்டியிலிருந்து நாமக்கல், நாமக்கல்லிலிருந்து ராசிபுரம். ராசிபுரத்தில் பாபுவையும் அழைத்துக்கொண்டு வெண்ணந்தூர் பஸ் ஏறினேன். பஸ்ஸில் அவர் ஒன்றும் மெல்லவில்லை.

அக்கா கச்சாயம் சுட்டு வைத்திருந்தாள். நான் வருகிறேன் என்பதற்காக. பழனியம்மாள் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்ணெய் காய்ந்த வாசமும் வெல்ல வாசமுமாக வீடு பண்டிகை நாள்போல் இருந்தது. கணினியை இயக்கினோம். நான் பெயர் வைத்திருந்த ஒவ்வொரு கோப்பின் வாலிலும் பொருளில்லாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. வெள்ளியும் சித்திரையும் அப்படியே இருந்தன; எதுவும் திறக்கவில்லை. சி-யிலும் டி-யிலும் அதே கதி. ஒவ்வோர் உறையிலும் ஒரு கடிதம் கிடந்தது. பணிவான ஆங்கிலம். உங்கள் கோப்புகள் பூட்டப்பட்டுள்ளன, சாவி எங்களிடம் உள்ளது, இந்தத் தேதிக்குள் பணம் அனுப்பினால் திறந்து தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

பாபு என்னைப் பார்த்தார். நான்தான் சொல்ல வேண்டும்.

"அக்கா, போன தடவ ஒளிச்சு வெச்சிருந்துச்சு. இந்தத் தடவ பூட்டிட்டாங்க."

"சாவி?"

"அவங்ககிட்ட."

"அவிங்கன்னா யாரு?"

"தெரியாதுக்கா."

"எந்த ஊருன்னாச்சும்?"

"அதுவும் தெரியாது."

அக்கா கச்சாயத் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். நான் விளையாடுகிறேன் என்று சற்று நேரம் நினைத்திருப்பாள் போலிருக்கிறது. பிறகு என் முகத்தையும் பாபுவின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"யாருன்னே தெரியாதவனுக்கு உன்ற மாமன் கொரலு எதுக்குடி?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடி எவ்வளவோ படித்துப் பார்த்துவிட்டேன். கணினிப் பாதுகாப்பு பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைத்ததை எல்லாம் வாசித்தேன். பூட்டுகிறவனுக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது, தெரிந்துகொள்ள அவன் விரும்புவதும் இல்லை என்பது மட்டும் புரிந்தது. கணக்குப் புத்தகமும் கல்யாணப் படமும் செம்மண்ணுக்குக் கீழே சுக்காம்பாறை என்று ஒருவர் சொன்னதும் அவனுக்கு ஒன்றுதான். அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் ஆறுதலாக இருக்குமா, மோசமாக இருக்குமா என்று முடிவுசெய்ய முடியவில்லை.

பணம் கட்டிவிடலாம் என்றாள் அக்கா. கட்ட வேண்டாம் என்றார் பாபு. "குடுத்தாலும் தொறந்து உடுவான்னு ஒறுதியில்லீங்கக்கா. பேரும் இல்ல, மொகமும் இல்ல. யாரப் போயிக் கேப்பீங்க?" வன்தட்டைத் துடைத்துவிடவும் வேண்டாம், அப்படியே கழற்றிப் பத்திரமாக வைப்போம் என்றார். இப்படிப் பூட்டிய கும்பல்கள் பிடிபட்டு, சாவிகள் வெளியே வந்ததும் உண்டாம். நாமக்கல்லுக்குப் போய்ப் போலீசில் புகாரும் கொடுத்தோம். பாபு தட்டைக் கழற்றி மாமாவின் பழைய மப்ளரில் சுற்றி அக்காவிடம் கொடுத்தார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கினாள்.

கணினியைப் பிழைக்க வைப்பது எளிதாகத்தான் இருந்தது. புதுத் தட்டு மாட்டினோம். எல்லாவற்றையும் அடியிலிருந்து ஏற்றினோம். அக்காவின் கடவுச்சொற்களைப் பாபுவின் கடைக் கணினியிலிருந்து மாற்றினோம். தடுப்பு மென்பொருளை என் பெயரில் பதிந்து, தகவல்கள் என் கைபேசிக்கு வரும்படி செய்தேன். வெளியே தனியாகக் கழற்றி வைக்கும் தட்டு ஒன்று வாங்கி, நகல் எடுக்கும் முறையை அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். எல்லாம் சரியாக, புத்தகத்தில் சொன்னபடி நடந்தது. கணினி வேகமாக இயங்கியது. திரையில் யாரோ எடுத்த பச்சை மலைப் படம். நகல் எடுத்துவைக்க உள்ளே ஒன்றுமே இல்லை. அக்கா அந்த மலையைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, துணியைப் போட்டு மூடினாள்.

எங்கள் தட்டைப் பூட்டிய வகைக்குச் சாவி வெளிவந்திருக்கிறதா என்று ஒவ்வொரு மாசியிலும் தேடிப் பார்க்கிறேன். வேறு வகைகளுக்கு வந்திருக்கிறது. எங்களுடையதற்கு இதுவரை இல்லை.

குச்சியைப் பற்றிய யோசனை பாபுவுடையது. அழித்தவை உடனே அழிந்துவிடுவதில்லை, அவற்றின்மேல் வேறு எதையாவது எழுதினால்தான் அழியும் என்றார். குச்சியிலிருந்து நாங்கள் நகர்த்திய பேச்சுகளின் மிச்சம் அதன் அடியில் கிடக்கலாம். அது எங்கே என்று விசாரித்தால், வண்டியில் பாட்டுப் பெட்டியில் செருகியிருக்கிறதாம். மாமா போனபிறகு குச்சிக்கு வேறு வேலை இல்லாததால் டிரைவர் அதில் பாட்டு ஏற்றிக்கொண்டார். உடனே பிடுங்கி வைக்கச் சொல்லித் தகவல் அனுப்பினோம். பங்குனியில் ஆறுமுகம் அண்ணன் விடுப்பில் வந்தபோது கொண்டுவந்தார். இம்முறை டப்பாவில் அல்ல, சட்டைப் பையில் வைத்து.

பாபுவின் கடையில் மீட்பு மென்பொருளை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா, பழனியம்மாள், ஆறுமுகம் அண்ணன், நான். மேலே வந்ததெல்லாம் பாட்டு. தலை இல்லாத பாட்டு, பாதியில் வேறு பாட்டாக மாறும் பாட்டு. அவற்றின் அடியிலிருந்து பேச்சுக் கோப்புகள் சில வந்தன. முதலாவதைப் பாபு போட்டார்.

அக்காவின் குரல். நாங்கள் வடக்கே அனுப்பியவற்றில் ஒன்று.

"சாப்டீங்களா?" என்கிறாள். பிறகு சற்று நேரம் சும்மா இருக்கிறாள். "அங்க குளுரு எப்பிடியிருக்குது?" மறுபடியும் இடைவெளி. "செரி, கம்பளிய இழுத்துப் போத்திக்கங்க." தறிச் சத்தம் கேட்கிறது. பதிவுசெய்யும்போது நான் பக்கத்தில்தான் இருந்திருப்பேன். அவள் பதிலுக்காக இடம்விட்டுப் பேசியதை அப்போது நான் கவனித்ததில்லை. மாமா வடக்கே எங்கோ ஒரு வண்டிக்கடியில் உட்கார்ந்து, அந்த இடைவெளிகளில் பதில் சொல்லியிருக்க வேண்டும். போனில் பேசவராத மனிதர்.

கிடைத்த மற்றவையும் அக்காவின் குரல்தான். மாமாவின் கோப்பு ஒன்றுகூடத் தேறவில்லை. கடைசியாக ஆறுமுகம் அண்ணனின் பேச்சு ஒன்று வந்தது, பழனியம்மாளுக்கு அனுப்பியது. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்ததைச் சொல்கிறார். "எரும கன்னு போட்டுருச்சாமா. கெடேரின்னு லாரிக்காரரு சொன்னாப்பல. சீம்பாலு நெனப்பாவே இருக்குது" என்கிறார். அந்த இடத்தில், பின்னால், கைபேசிக்குத் தொலைவில், இரைச்சலுக்கு நடுவே யாரோ ஓர் ஆண் கேட்கிறார்:

"அண்ணோவ், சோறு ஆச்சுங்களா?"

அக்கா நிமிர்ந்தாள். திரும்பப் போடச் சொன்னாள். பாபு போட்டார்.

"அவருதான்" என்றாள்.

பழனியம்மாள் தயங்கினார். வண்டியில் அத்தனை பேர் இருக்கும்போது யாராகவும் இருக்கலாமே என்று அவர் முகம் சொன்னது. எல்லோரும் ஆறுமுகம் அண்ணனைப் பார்த்தோம். பாபு மூன்றாம் முறை போட்டார். அந்த இடம் வருவதற்கு முன்பே, தன் குரல் இன்னும் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே, ஆறுமுகம் அண்ணன் சொல்லிவிட்டார்.

"தங்கராசுதாஞ் சாமி. வேற ஆரு அப்பிடிக் கேப்பா?"

அக்கா அழுதாள். மாமா இறந்த அன்று அழுததைவிட நிதானமாக, நெடுநேரம்.

அந்தத் துண்டை மட்டும் வெட்டி அவள் கைபேசியிலும் என் கைபேசியிலும் ஏற்றினேன். தனித்தட்டில் ஒன்று, குறுந்தட்டில் ஒன்று, பாபு கடையில் ஒன்று. பொருளற்ற முன்னெச்சரிக்கை என்று நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ளமாட்டேன்.

இப்போது போர் வண்டிக்காரர்கள் காட்டுக்குள்ளிருந்தே முகம் பார்த்துப் பேசுகிறார்கள். பேசி முடித்தால் ஒன்றும் மிஞ்சுவதில்லை, யாரும் அதைச் சேர்த்து வைப்பதும் இல்லை. லாரியில் டப்பா அனுப்பும் வழக்கம் குறைந்துவிட்டது. எந்த ஊரிலும் பொட்டலமாக மிளகாய்ப்பொடி கிடைக்கிறது. அக்கா கணினியை விற்றுவிட்டாள். என் மகனுடைய புதுக் கணினியில் குறுந்தட்டு போடுவதற்கான வாயே இல்லை. பதிலுக்கு இடம்விட்டுப் பேசும் அந்தப் பேச்சுமுறை எங்கள் வீட்டில் யாருக்கும் இப்போது வராது.

ஒன்றை மட்டும் குறித்துவைக்க வேண்டும். மீட்டெடுத்த கோப்பில் பதிவான நாள் அழிந்துவிட்டது. ஆறுமுகம் அண்ணனும் அதில் நாள் சொல்லவில்லை. ஆகவே காலத்தை உள்ளே இருக்கும் செய்தியைக் கொண்டுதான் கணிக்க முடியும். பழனியம்மாளின் எருமை நான் வெண்ணந்தூரில் இருந்த காலத்தில் இரண்டு முறை ஈன்றது. ஒருமுறை தை மாதம். அந்தத் தை முழுவதும் மாமா வீட்டில் இருந்தார். ஒரு கல்யாணத்துக்காக வந்து, காய்ச்சலில் படுத்துத் தங்கிவிட்டார். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இன்னொரு முறை, அதற்கு அடுத்த ஆண்டு சித்திரையில். அப்போது அவர் வண்டியில் இருந்தார். இரண்டில் ஒன்றுதான் கிடேரி, அதாவது பெண் கன்று; மற்றது கடா. எது எது என்பது எனக்கு நினைவில்லை.

பழனியம்மாளிடம் கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவார். அவர் இப்போதும் அக்காவின் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது மாட்டுக்கு மஞ்சள் தடவிக்கொண்டே நெடுநேரம் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. அந்தக் கிடேரி பிறந்தது தையிலா சித்திரையிலா என்பது, இதை எழுதும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.